சங்கிலி போட்டால் பாதுகாப்பா? மனநல காப்பகத்தில் அசம்பாவிதம் நடந்தால் என்ன செய்ய வேண்டும்? வீட்டார் தெரிந்து கொள்ள வேண்டிய விவரங்கள்

ராமநாதபுரம்,

ஆகஸ்டு 6-ந் தேதி வந்தால் ஏர்வாடி பக்கம் இருப்பவர்களுக்கு இன்றும் நெஞ்சு பதறும்.

2001-ம் ஆண்டு இதே தேதியில் அதிகாலை நேரம். ஏர்வாடியில் தனியார் நடத்தி வந்த மனநல காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை. மளமளவென்று தீ பரவியது. உள்ளே இருந்தவர்களை சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். எழுந்து ஓட முடியவில்லை.

சங்கிலி தளர்வாக இருந்த சிலர் மட்டும் தப்பினார்கள். 25 பேர் அங்கேயே கருகி இறந்தனர். ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களிலும் சிலர் இறந்து போக, பலி எண்ணிக்கை 28 ஆனது. பல உடல்களை அடையாளம் காணக்கூட முடியவில்லை.

அந்த 28 பேரையும் அங்கே கொண்டு வந்து விட்டது யார்? பெற்றவர்களும், கூடப் பிறந்தவர்களும்தான். "இங்கே இருந்தால் பத்திரமாக இருப்பான்" என்று நம்பித்தான் விட்டுப் போனார்கள். ஓடிப்போய் விடாமல் இருக்க சங்கிலி போட்டார்கள். அந்த சங்கிலியே எமனாகி விட்டது.

அதற்குப் பிறகு சட்டம் மாறியது. ஆனால் இன்றைக்கும் மனநல ஆஸ்பத்திரியிலோ, காப்பகத்திலோ ஆளை விட்டு வரும் குடும்பத்துக்கு ஒரு பயம் இருக்கத்தான் செய்கிறது. உள்ளே கீழே விழுந்து விட்டால்? யாராவது அடித்து விட்டால்? ஓடிப்போய் விட்டால்? நமக்கு சொல்வார்களா, மறைப்பார்களா?

இப்படி ஒரு அசம்பாவிதம் நடந்தால் ஆஸ்பத்திரி என்ன செய்ய வேண்டும், சட்டம் என்ன சொல்கிறது, வீட்டார் எதை எதைக் கேட்க வேண்டும் என்று பார்ப்போம்.

கோர்ட்டு நடவடிக்கை

ஏர்வாடி தீ விபத்து நாட்டையே உலுக்கியது. பத்திரிகை செய்திகளைப் பார்த்த சுப்ரீம் கோர்ட்டு, யாரும் மனு போடாமலேயே தானாக முன்வந்து வழக்கை எடுத்துக் கொண்டது. தமிழக அரசு, ஏர்வாடியில் இருந்த மற்ற காப்பகங்களையும் அதே மாதத்தில் மூடியது. அங்கே இருந்தவர்களில் சுமார் 150 பேர் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகப்பட்டனர்.

2002-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டது. மாவட்டம் மாவட்டமாக காப்பகங்களை கணக்கெடுக்க வேண்டும், மனநோயாளிகளை சங்கிலியால் கட்டுவது சட்ட விரோதம் என்பதையும், அவர்களை டாக்டரிடம்தான் கொண்டு போக வேண்டும் என்பதையும் கிராமம் வரைக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அதில் கூறப்பட்டது.

தீ விபத்து நடந்த காப்பகத்தின் உரிமையாளர், அவரது மனைவி, உறவினர்கள் 2 பேர் என 4 பேருக்கு 2007-ம் ஆண்டு 7 ஆண்டு ஜெயில் தண்டனை விதிக்கப்பட்டது.

புதிய சட்டம்

1987-ம் ஆண்டின் பழைய மனநல சட்டத்துக்கு பதிலாக, 2017-ம் ஆண்டு மனநல பராமரிப்பு சட்டம் கொண்டு வரப்பட்டது. 2018-ம் ஆண்டு மே 29-ந் தேதி முதல் அது அமலில் இருக்கிறது.

இந்த சட்டத்தின் 95-வது பிரிவு ஒரே அடியாக சொல்லி விட்டது. மனநோயாளியை எந்த விதத்திலும், எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது. "ராத்திரிக்கு மட்டும்", "ஓடிப்போகிறான், அதனால்" என்ற பேச்சுக்கெல்லாம் இடமே இல்லை. மயக்க மருந்து கொடுக்காமல் கரண்ட் சிகிச்சை கொடுப்பதும் இதே பிரிவில் தடை செய்யப்பட்டுள்ளது.

மொட்டை அடிக்கக்கூடாது. சொந்த துணி உடுத்த விரும்பினால் விட வேண்டும். சம்பளம் இல்லாமல் வேலை வாங்கக்கூடாது. சுத்தமான இடம், கழிப்பறை, நல்ல சாப்பாடு கொடுக்க வேண்டும். இதெல்லாம் இரக்கப்பட்டு செய்கிற உதவி அல்ல, நோயாளியின் உரிமை என்கிறது 20-வது பிரிவு.

எது அசம்பாவிதம்?

அசம்பாவிதம் என்றால் தீ விபத்து, மரணம் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

பாத்ரூமில் வழுக்கி விழுவது, மாத்திரை மாறிப் போவது, சாப்பாடு தொண்டையில் சிக்குவது, நோயாளிகளுக்குள் சண்டை, ஊழியர் மீது தாக்குதல், ஊழியர் நோயாளியை அடிப்பது, பாலியல் சீண்டல், தன்னைத்தானே காயப்படுத்திக் கொள்வது, சொல்லாமல் வெளியே போய் விடுவது... எல்லாமே அசம்பாவிதம்தான்.

"நல்லவேளை, தப்பியது" என்று சொல்கிற சம்பவமும் இந்த கணக்கில்தான் வரும்.

உதாரணமாக ஒரே வார்டில் இரண்டு முருகேசன் இருக்கிறார்கள். ஒருவருடைய மாத்திரையை இன்னொருவருக்கு நீட்டி விட்டார் நர்சு. "இது என் மாத்திரை இல்லையே சிஸ்டர், என்னுடையது வெள்ளை கலர்" என்று அவரே சொல்லி விட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இதை நோட்டில் எழுத வேண்டுமா? கண்டிப்பாக எழுத வேண்டும். இன்றைக்கு முருகேசன் தெளிவாக இருந்ததால் தப்பினார். நாளைக்கு தூக்கக் கலக்கத்தில் இருந்தால் வாங்கி விழுங்கி விடுவார். எழுதி வைத்தால்தான் இரண்டு பேருக்கும் வேறு வேறு அடையாள பட்டை கட்ட வேண்டும், அப்பா பெயரையும் கேட்டு மாத்திரை கொடுக்க வேண்டும் என்ற யோசனை வரும்.

முதலில் பேச்சு

ராத்திரி 2 மணி. வார்டில் ஒருவர் எழுந்து கத்துகிறார். கட்டிலை உதைக்கிறார். பக்கத்து கட்டிலில் இருப்பவர்கள் பயந்து எழுந்து உட்காருகிறார்கள். இப்போது என்ன செய்வது?

நாலு பேர் சேர்ந்து பாய்ந்து அமுக்குவதுதான் பல இடங்களில் நடக்கிறது. ஆனால் அது கடைசியாக செய்ய வேண்டிய வேலை. முதலில் செய்ய வேண்டியது வேறு.

சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்க வேண்டும். ஆளாளுக்கு பேசாமல் ஒருவர் மட்டும் பேச வேண்டும். அதுவும் அவருக்கு பழக்கமான நர்சோ, உதவியாளரோ பேசினால் நல்லது. இரண்டு கை தூரம் தள்ளி, பக்கவாட்டில் நிற்க வேண்டும். வழியை மறிக்கக்கூடாது. குரலை உயர்த்தக்கூடாது.

"என்னங்கண்ணே, தூக்கம் வரலையா? யாராவது ஏதாவது சொன்னாங்களா? தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாலே பாதி கோபம் இறங்கி விடும் என்பது இந்த வேலையில் பழகியவர்களுக்குத் தெரியும்.

காரணம் இல்லாமல் யாரும் கத்துவதில்லை. காதில் குரல் கேட்டிருக்கலாம். பல்வலியாக இருக்கலாம். மலச்சிக்கலாக இருக்கலாம். வீட்டில் இருந்து வருகிறேன் என்று சொன்னவர்கள் வராமல் போயிருக்கலாம். பீடி கிடைக்காத எரிச்சலாகக்கூட இருக்கலாம். அதைக் கண்டுபிடித்தால் அமுக்க வேண்டிய வேலையே வராது.

கட்டுப்படுத்த விதிமுறை

பேசியும் அடங்கவில்லை, அவருக்கோ மற்றவர்களுக்கோ அந்த நிமிடமே ஆபத்து வரும் என்ற நிலைமை என்றால் மட்டும், உடலைப் பிடித்துக் கட்டுப்படுத்த சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அதற்கு 97-வது பிரிவில் கடுமையான விதிமுறைகள் உள்ளன.

* வேறு வழியே இல்லை என்றால்தான் செய்ய வேண்டும். சிகிச்சை கொடுக்கும் மனநல டாக்டரின் அனுமதி வேண்டும்.

* தேவையான நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட நீட்டிக்கக்கூடாது.

* தண்டனையாகவோ, மற்றவர்களை மிரட்டவோ செய்யக்கூடாது. "ஆள் பற்றாக்குறை, அதனால் கட்டி வைத்தோம்" என்பதும் செல்லாது.

* என்ன முறையில், எதற்காக, எவ்வளவு நேரம் என்பதை உடனே கேஸ் சீட்டில் எழுத வேண்டும்.

* அந்த நேரம் முழுவதும் மருத்துவ ஊழியர்கள் கண்காணிக்க வேண்டும்.

* நோயாளியின் சார்பில் முடிவெடுக்க நியமிக்கப்பட்ட பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது வீட்டார்தான்.

* இப்படி நடந்த சம்பவங்கள் எல்லாவற்றையும் மாதாமாதம் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கையாக அனுப்ப வேண்டும்.

தனி அறையில் போட்டு பூட்டுவது அறவே கூடாது.

இவ்வளவு விதி எதற்கு என்று கேட்கலாம். பிடித்து அமுக்கும்போதுதான் உயிர் போகும் ஆபத்து இருக்கிறது. குப்புறப் போட்டு முதுகில் ஏறி உட்கார்ந்தால் மூச்சு திணறும். நெஞ்சையும், கழுத்தையும் அழுத்தவே கூடாது. ரொம்ப நேரம் அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். அதனால்தான் பக்கத்திலேயே ஆள் இருந்து மூச்சு, நாடி பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

முதல் 1 மணி நேரம்

சரி, எவ்வளவு கவனமாக இருந்தும் அசம்பாவிதம் நடந்து விட்டது. அப்புறம்?

முதல் வேலை, அடிபட்டவரைப் பார்ப்பது. காயத்துக்கு முதலுதவி, டாக்டருக்கு தகவல், தேவைப்பட்டால் 108 ஆம்புலன்ஸ். "மனநோயாளிதானே, சும்மா சொல்வார்" என்று நெஞ்சுவலியையும், வயிற்றுவலியையும் தள்ளி விடக்கூடாது. இந்த அலட்சியத்தால்தான் சாதாரண நோய்கள்கூட முற்றிப் போகின்றன.

இரண்டாவது, மற்ற நோயாளிகளைப் பார்ப்பது. அவர்கள் கண் முன்னால் நடந்திருக்கும். நடுங்கிப் போயிருப்பார்கள். அவர்களை வேறு இடத்துக்கு அழைத்துப் போய் பேச வேண்டும்.

மூன்றாவது, நடந்த இடத்தை அப்படியே விட வேண்டும். ரத்தத்தைக் கழுவி விட்டு, கட்டிலை மாற்றிப் போட்டு விட்டால் என்ன நடந்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது.

நான்காவது, எழுதுவது. எத்தனை மணிக்கு நடந்தது, யார் பார்த்தார்கள், டியூட்டியில் யார் யார், டாக்டர் எத்தனை மணிக்கு வந்தார் என்று நடந்ததை மட்டும் எழுத வேண்டும். மறுநாள் எல்லோரும் கூடிப் பேசி ஒரே மாதிரி எழுதுவது அறிக்கை அல்ல, கதை.

ஐந்தாவது, வீட்டாருக்கு சொல்வது. இதில்தான் பல இடங்களில் கோட்டை விடுகிறார்கள்.

மறைத்தால் ஆபத்து

"சொன்னால் சண்டைக்கு வருவார்கள், கேஸ் போடுவார்கள்" என்று பயந்து மறைக்கிறார்கள். ஆனால் அடுத்த முறை பார்க்க வரும்போது நெற்றியில் தையல் இருப்பதை பெற்ற தாய் கவனிக்காமல் இருப்பாரா? "எப்படி ஆச்சு?" என்று கேட்டால் ஒருவர் வழுக்கி விழுந்தார் என்பார், இன்னொருவர் தானாக முட்டிக் கொண்டார் என்பார். அப்புறம் எதைச் சொன்னாலும் நம்பிக்கை வராது.

அன்றைக்கே போன் போட்டு, "அம்மா, காலையில் பாத்ரூமில் விழுந்து விட்டார். நெற்றியில் நாலு தையல் போட்டிருக்கிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம், பயப்படும்படி ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் என்ன தவறு என்று பார்க்கிறோம். நீங்கள் வந்து பாருங்கள்" என்று சொன்னால் யாரும் கல்லைத் தூக்கிக் கொண்டு வரப் போவதில்லை.

மறைப்பது இன்னொரு அசம்பாவிதத்துக்கு விதை போடுவது போல. எழுதாததைத் திருத்த முடியாது. திருத்தாதது திரும்ப நடக்கும்.

யார் மேல் தப்பு?

அசம்பாவிதம் நடந்தால் அடுத்த நாளே ஒரு வார்டு உதவியாளரை வேலையை விட்டு நிறுத்துவது வழக்கம். அதோடு கணக்கு முடிந்தது என்று நினைத்து விடுகிறார்கள். ஆனால் காரணம் அப்படியே இருக்கும்.

பாத்ரூமில் விழுந்த அதே சம்பவத்தை எடுத்துக் கொள்வோம். ஏன் விழுந்தார்? தரை ஈரம். ஏன் ஈரம்? குழாய் ஒழுகுகிறது. ஈரம் இருந்தது தெரியவில்லையா? பல்பு எரியவில்லை. பல்பு எப்போது போனது? 10 நாள் ஆச்சு, எலக்ட்ரீசியனிடம் சொல்லியாகி விட்டது, யாரும் வரவில்லை. எழுந்ததும் ஏன் தள்ளாடினார்? ராத்திரி மாத்திரையின் அளவை முந்தின நாள்தான் கூட்டினார்கள். சில மனநல மாத்திரைகள் சாப்பிட்டால் படுக்கையில் இருந்து எழுந்ததும் பிரஷர் இறங்கி தலை சுற்றும். கூட யாராவது போனார்களா? முழு வார்டுக்கும் ராத்திரியில் ஒரே ஒரு ஆள்.

இப்போது சொல்லுங்கள். தப்பு அந்த ஒரு உதவியாளர் மேல் மட்டுமா?

குழாயை சரி செய்வது, பல்பை மாற்றுவது, மாத்திரை கூட்டிய அன்று "மெதுவாக எழுந்திருங்கள்" என்று சொல்வது, ராத்திரிக்கு இன்னொரு ஆள் போடுவது... இந்த நாலும் நடந்தால்தான் அடுத்தவர் விழ மாட்டார். இதற்காக டாக்டர், நர்சு, உதவியாளர், துப்புரவு பணியாளர் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும். உண்மையைச் சொன்ன ஊழியரை தண்டித்தால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அதற்காக எல்லாவற்றையும் மன்னித்து விட வேண்டும் என்று அர்த்தம் இல்லை. நோயாளியை அடிப்பதும், பாலியல் தொல்லை கொடுப்பதும் கவனக்குறைவு அல்ல, குற்றம். அதற்கு ஆஸ்பத்திரிக்குள் பஞ்சாயத்து பேசக்கூடாது. உடனே போலீசுக்குப் போக வேண்டும்.

மாத்திரையில் கவனம்

மனநல மாத்திரைகளில் சிலவற்றுக்கு தனி கவனம் தேவை. லித்தியம் சாப்பிடுபவருக்கு வாந்தி, பேதி, கை நடுக்கம், தள்ளாட்டம் வந்தால் சாதாரணமாக விடக்கூடாது. ரத்தத்தில் லித்தியம் அளவு கூடியிருக்கலாம். உடனே ரத்தப் பரிசோதனை வேண்டும். குளோசபின் சாப்பிடுபவருக்கு வெள்ளை அணுக்கள் குறையலாம் என்பதால் குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தம் பார்க்க வேண்டும்.

மனநோய் மாத்திரை சாப்பிடுபவருக்கு கடும் காய்ச்சலும், உடம்பு விறைப்பும், குழப்பமும் சேர்ந்து வந்தால் அது உயிருக்கே ஆபத்து. தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். சில மாத்திரைகளால் விழுங்குவது மெதுவாகும். அவசரமாக அள்ளிப் போட்டால் தொண்டையில் அடைக்கும். அதனால் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

உயிர் மாய்க்கும் எண்ணம்

ஆஸ்பத்திரியில் சேர்த்த முதல் சில நாட்களும், வீட்டுக்கு அனுப்பிய பிறகு முதல் சில வாரங்களும் ரொம்ப கவனமாக இருக்க வேண்டிய காலம். "குணமாகி விட்டது" என்று வீட்டில் நிம்மதியாக இருக்கும்போதுதான் ஆபத்து வருகிறது.

முன்பு எப்போதாவது உயிரை மாய்க்க முயற்சி செய்திருந்தால், சேர்க்கும்போதே டாக்டரிடம் சொல்லி விட வேண்டும். மானம் போய் விடும் என்று மறைக்கக்கூடாது. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணம் வந்து விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது தவறு. கேட்டால் மனதில் இருப்பதைக் கொட்டி விட ஒரு வழி கிடைக்கும்.

தற்கொலைக்கு முயன்றவரை கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது என்று மனநல பராமரிப்பு சட்டத்தின் 115-வது பிரிவு சொல்கிறது. அதனால் போலீஸ் கேசுக்கு பயந்து சிகிச்சையை தள்ளிப் போட வேண்டாம்.

காணாமல் போனால்

நோயாளி வெளியே போய் விட்டால் "வந்து விடுவார்" என்று காத்திருக்கக்கூடாது. உடனே வீட்டாருக்கும், போலீசுக்கும் சொல்ல வேண்டும். அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்ற விவரமும், சமீபத்து போட்டோவும் கொடுக்க வேண்டும்.

மனநலம் பாதித்தவர் ரோட்டில் சுற்றித் திரிந்தால் போலீசார் அவரை பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் பக்கத்தில் உள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போக வேண்டும். லாக்-அப்பிலோ, ஜெயிலிலோ அடைக்கக்கூடாது. இது 100-வது பிரிவு.

திரும்பி வந்தவரை அடிப்பதும், சாப்பாட்டை நிறுத்துவதும் கூடாது. ஏன் போனார் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் பதில் ஒன்றாகத்தான் இருக்கும்: "வீட்டுக்கு போகணும்."

அனுமதி இருக்கிறதா?

பதிவு செய்யாமல் மனநல காப்பகம் நடத்தக்கூடாது. மீறினால் முதல் முறை ரூ.5 ஆயிரம் முதல் ரூ.50 ஆயிரம் வரை அபராதம். திரும்பத் திரும்ப மீறினால் ரூ.5 லட்சம் வரை போகும்.

இருந்தும் 2023-ம் ஆண்டு விழுப்புரம் மாவட்டத்தில் என்ன நடந்தது? ஆசிரமம் என்ற பெயரில் அனுமதி இல்லாமல் நடந்த ஒரு இடத்தில் சேர்த்தவரைக் காணவில்லை என்று சென்னை ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. அதன் பிறகுதான் அதிகாரிகள் உள்ளே போய் பார்த்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டனர். வெளியே ஒருவர் விடாமல் தேடியதால்தான் உள்ளே இருந்த அத்தனை பேரும் வெளிச்சத்துக்கு வந்தார்கள்.

வீட்டார் கேட்க வேண்டியவை

ஆளை சேர்ப்பதற்கு முன் இந்த கேள்விகளைக் கேட்கலாம். கேட்பதற்கு கூச்சப்பட வேண்டாம்.

1. பதிவு சான்றிதழ் எங்கே? கண்ணில் காட்டுங்கள்.

2. மனநல டாக்டர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? ராத்திரியில் அவசரம் என்றால் யார் வருவார்?

3. ராத்திரி டியூட்டியில் எத்தனை பேர்? பெண்கள் பகுதியில் பெண் ஊழியர் இருக்கிறாரா?

4. தீப்பிடித்தால் வெளியே போக எத்தனை வழி? சாவி யாரிடம் இருக்கும்? தீயணைப்பு கருவி வேலை செய்கிறதா?

5. அசம்பாவிதம் நடந்தால் எழுதும் நோட்டு இருக்கிறதா? எத்தனை மணி நேரத்தில் எங்களுக்கு போன் வரும்?

6. முன்கூட்டி சொல்லாமல் வந்து பார்க்கலாமா? வார்டு, பாத்ரூம் வரை பார்க்க விடுவீர்களா?

7. கேஸ் சீட்டின் நகல் கிடைக்குமா? சிகிச்சை விவரங்களைப் பெற 25-வது பிரிவு உரிமை தருகிறது.

நாலாவது கேள்விக்கு பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் ஆளை விடாமல் இருப்பதே நல்லது.

பார்க்கப் போகும்போது கையிலும், காலிலும் கட்டிய தழும்பு இருக்கிறதா, உடம்பு இளைத்திருக்கிறதா, ஊழியரைக் கண்டதும் பயப்படுகிறாரா என்று கவனிக்க வேண்டும். அவரோடு கொஞ்ச நேரம் தனியாகப் பேச வேண்டும். அவர் சொல்வதை "பைத்தியத்தின் பேச்சு" என்று தள்ளி விடக்கூடாது.

எங்கே புகார்?

குறை இருந்தால் முதலில் அங்குள்ள பொறுப்பு டாக்டரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். பதில் சரியில்லை என்றால் மனநல மறுஆய்வு வாரியத்துக்கும், அதற்கு மேல் மாநில மனநல ஆணையத்துக்கும் போகலாம். இது 28-வது பிரிவு தரும் உரிமை. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.

சட்டத்தை மீறியது நிரூபணமானால் முதல் முறை 6 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.10 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.50 ஆயிரம் முதல் ரூ.5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

சந்தேகமான மரணம் என்றால் போலீசில் புகார் கொடுத்து, பிரேத பரிசோதனை முடியாமல் உடலை வாங்கக்கூடாது.

வீட்டிலும் சங்கிலியா?

காப்பகத்தில் மட்டும் அல்ல, சில வீடுகளிலும் திண்ணையிலும், மாட்டுக் கொட்டகையிலும் பிள்ளையைக் கட்டி வைத்திருக்கிறார்கள். பாவம், அவர்களையும் குறை சொல்லி என்ன பயன்? பகலில் வேலைக்குப் போனால்தான் ராத்திரி அடுப்பு எரியும். பார்த்துக் கொள்ள ஆள் இல்லை. எங்கே போவது என்று தெரியவில்லை.

போக இடம் இருக்கிறது. மாவட்ட மனநல திட்டத்தின் கீழ் அரசு ஆஸ்பத்திரிகளில் டாக்டரைப் பார்க்கலாம், மாத்திரை இலவசம். ஆதரவற்று திரிபவர்களுக்காக பல மாவட்டங்களில் அரசு அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்கள் உள்ளன. போனில் பேச 14416 என்ற இலவச எண்ணில் 24 மணி நேரமும் ஆள் இருக்கிறார்கள். தமிழிலேயே பேசலாம். 104-லும் கேட்கலாம்.

ஏர்வாடியிலும் நிலைமை மாறியிருக்கிறது. தர்காவுக்கு வருகிறவர்களுக்கு பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கும் திட்டம் அங்கே கொண்டு வரப்பட்டது. சாமி கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. மாத்திரையையும் விடாதீர்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

2001-ல் அந்தக் கொட்டகையில் இருந்தவர்கள் ஓடிப்போய் விடக்கூடாது என்றுதான் எல்லோரும் கவலைப்பட்டார்கள். தீப்பிடித்தால் எப்படி ஓடுவார்கள் என்று ஒருவர்கூட கேட்கவில்லை. இனி அந்த கேள்வியை, ஆளை விட்டு வரும் ஒவ்வொரு குடும்பமும் வாசலிலேயே நின்று கேட்க வேண்டும்.